ஆயில் குடிக்கிற வண்டி

தூரியாவின் மோட்டார் சைக்கிள் புகைவிட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் வாரம் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் லேசாக வந்தது. மூன்றாவது வாரத்தில், மராகேஷ் நகரத்தின் சீதி யூசுஃப் பேட்டையில் அவள் எந்தச் சந்தில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று யார் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலும் சொல்லிவிடலாம் என்கிற நிலைமை வந்துவிட்டது.

சந்து முனையில் அடுப்பு போட்டு இறைச்சி சுட்டு விற்கிற அல்லால் இதைச் சும்மா விடுவானா?

"லல்லா தூரியா! என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க. புகையைப் பார்த்துட்டு சனமெல்லாம் ரொட்டியைக் கையில எடுத்துக்கிட்டு உங்க வண்டி பின்னாடி ஓடுது!"

"ஓடட்டும் அல்லால். உன் கறியைத் தின்னுட்டு நாளைக்கு என்கிட்டதானே ஊசிக்கு வரப்போறாங்க," என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போனாள்.

வாய் அப்படிப் பேசினாலும் அந்தப் புகை அவளுக்கு விளையாட்டாக இல்லை. தூரியா வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ். பெண்களை லல்லா என்றும் ஆண்களை ஸி என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். ஐம்பத்திரண்டு வயது. ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. காலை ஏழு மணிக்கு முதல் வீடு. அங்கே ஹாஜ்ஜா ஸுபைதா இன்சுலின் ஊசி போடாமல் ரொட்டியைத் தொடமாட்டாள், பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மராகேஷ் வெயிலில் பதினோரு வீட்டையும் நடந்தே முடிப்பதென்றால் கடைசி வீட்டுக்காரனுக்கு மறுநாள்தான் ஊசி. இந்தச் சீனத்து வண்டி நின்றுபோனால் தூரியாவின் வேலையும் நின்றுபோகும். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. அந்த வண்டியை நம்பி இன்னொருவரும் இருந்தார்.

அவர் அவளுடைய கணவர் ஹம்மாதி. இருபத்தாறு வருஷம் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் முதுகுத்தண்டில் ஆபரேஷன். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் சரக்கு வண்டியை விற்றார்கள். மறுநாள் காலை டீயை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "உன் வண்டியை நீ ஓட்டிக்கோ. ஆனா அதோட இன்ஜின் என்னுது. எவன்கிட்டயும் காட்டாதே."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலை இன்ஜினுக்குள் குச்சியை விட்டு ஆயில் அளவு பார்ப்பது ஹம்மாதியின் வேலை. மற்ற நாளெல்லாம் அவர் காய் நறுக்குவார், ரேடியோவில் செய்தி வாசிப்பவனோடு சண்டை போடுவார், பொழுதைக் கொல்லுவார். வெள்ளிக்கிழமை மட்டும் சீக்கிரமே எழுந்து, பழைய பனியன் துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிற மனுஷர் மாதிரி படி இறங்குவார். அந்தத் துணி தோளில் கிடக்கும்போது அவருக்குப் பத்து வயசு குறைந்துவிடும். தூரியாவுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்; சொன்னால் கெட்டுவிடும் என்று சொன்னதில்லை.

ஆனால் கொஞ்ச நாளாக வெள்ளிக்கிழமைகள் நன்றாக இல்லை. கீழேயிருந்து அவர் குரல் மாடிக்கு வரும்.

"குடிச்சிருக்கு! மறுபடியும் குடிச்சிருக்கு தூரியா! போன வாரம்தான் ஊத்தினேன், குச்சியில பாதி கூட இல்ல!"

வாராவாரம் ஊற்றினார். வாராவாரம் குறைந்தது. போன வெள்ளிக்கிழமை படியேறி வந்து, துணியை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"இன்ஜின் முடிஞ்சுது. ஆயிலைத் தின்னு புகையா விடுது. பழைய வண்டி பிரிக்கிறவன்கிட்ட சொல்லிட்டேன், அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போவான். நடந்து போற தூரத்துல எத்தனை வீடு இருக்கோ அத்தனை பார்த்தா போதும்."

"மூணு வீடு, ஹம்மாதி. நடந்து போனா மூணே வீடு."

"அப்ப மூணு."

அதற்குமேல் அவரோடு பேச முடியாது. சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும்.

புதன்கிழமை காலை, ஆறாவது வீட்டுக்குப் போகிற வழியில் வண்டி இரண்டு முறை திக்கிவிட்டு நின்றேவிட்டது. தூரியா அதைத் தள்ளிக்கொண்டு, ஹம்மாதிக்குத் துரோகம் செய்கிற குற்ற உணர்ச்சியோடு, முஅல்லிம் பூஜமாவின் பட்டறைக்குப் போனாள். பட்டறை வைத்திருக்கிறவர்களை அந்த ஊரில் முஅல்லிம் என்றுதான் கூப்பிடுவார்கள். பூஜமாவுக்கு அந்தப் பட்டம் தகும். ஹம்மாதிக்கும் அவருக்கும் பழைய பழக்கம்.

பூஜமா ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அவர் வண்டியின் பின்பக்கக் கம்பியைப் பிடித்து, சென்டர் ஸ்டாண்டைக் காலால் மிதித்து, ஒரே இழுப்பில் தூக்கி நேராக நிறுத்தினார். கொஞ்ச நேரம் காத்திருந்து, இன்ஜினின் வலது பக்கத்தில் இருக்கிற ஆயில் குச்சியைத் திருகி எடுத்துத் துடைத்தார். திரும்ப உள்ளே விட்டு, திருகாமல் சும்மா வைத்து, எடுத்துப் பார்த்தார். பிறகு அவளிடமே நீட்டினார்.

குச்சியில் இரண்டு கோடு உண்டு. எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இப்போதோ, மேல் கோட்டையும் தாண்டி, குச்சி முழுக்க எண்ணெயில் குளித்திருந்தது.

"லல்லா, உங்க வண்டி குடிகார வண்டி இல்ல. அதை யாரோ புடிச்சு வெச்சு வாயில ஊத்தியிருக்காங்க," என்றார் பூஜமா. "அளவுக்கு மேல இருக்கறதை அது இந்தக் குழாய் வழியா கக்குது, புகையா விடுது. குறைஞ்சுதேன்னு மறுபடி ஊத்தறாங்க. இன்ஜின் பாவம், நல்லாத்தான் இருக்கு."

தூரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நிமிஷம்தான்.

"ஆனா ஹம்மாதி வாராவாரம் பார்த்துட்டுத்தானே ஊத்தறார்? குச்சியில பாதிகூட இல்லைங்கறாரே!"

"வண்டியை சைடு ஸ்டாண்டுல சாய்ச்சு வெச்சுப் பார்த்தா அப்படித்தான் காட்டும். வண்டி இடது பக்கம் சாயும், எண்ணெய் அந்தப் பக்கம் ஓடிடும், குச்சி வலது பக்கம் இருக்கு. காஞ்சுபோன மாதிரி தெரியும்." பூஜமா தலையைச் சொறிந்துகொண்டார். "ஆனா ஸி ஹம்மாதி அப்படிப் பார்க்கமாட்டாரே. வண்டியை நேரா நிறுத்தாம குச்சியை உருவறவனுக்கு கழுதைதான் லாயக்குன்னு இதே பட்டறையில நின்னு ஊரையே திட்டுவாரு. என்னையே திட்டியிருக்காரு. அவருக்கு… வயசாகுதில்ல, லல்லா. மறதி வந்திருக்கும்."

மறதி எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தூரியா பல வீடுகளில் பார்த்திருக்கிறாள்.

அதிகப்படி எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும். அடியிலிருக்கிற போல்ட்டைக் கழற்றலாம் என்று பூஜமா உட்கார்ந்தார். அதன் மரை தேய்ந்து போயிருந்தது. "இதை இப்ப தொட்டா வம்பு," என்றார். தூரியா தன் பையைத் திறந்தாள். படுக்கையில் கிடப்பவர்களுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கிற பெரிய சிரிஞ்ச் ஒன்றும், நீளமான மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றும் புதிதாக உறைக்குள் இருந்தன. குச்சி இருந்த ஓட்டையில் குழாயை விட்டு இழுத்தாள். கரிய எண்ணெய் சிரிஞ்சில் ஏறியது.

"யா லத்தீஃப்! முப்பது வருஷமா பட்டறை வெச்சிருக்கேன், வண்டிக்கு ரத்தம் எடுத்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன்," என்று பூஜமா வாயைப் பிளந்தார். "பிரஷர் எவ்வளவு இருக்குன்னும் பார்த்துடுங்க."

ஏழு சிரிஞ்ச் எடுத்த பிறகு குச்சி சரியாக இரண்டு கோட்டுக்கு நடுவில் காட்டியது. ஃபில்டர் பஞ்சைக் கழுவிப் போட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, பூஜமா வண்டியை உதைத்தார். கொஞ்சம் பழைய புகை வந்தது, பிறகு நின்றது. வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. தூரியாவுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"ஹம்மாதி, இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன். ஏன், யாருக்காவது கிழமை மாத்தி ஊசி போட்டுட்டியா?"

"நம்ம கல்யாணம் எந்த வருஷம்?"

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "தப்பா சொன்னா என்ன தண்டனை, அதை முதல்ல சொல்லு."

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்லேன்."

"தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்போது, எழுபத்திரண்டு." அவர் அவள் முகத்தைக் கவலையோடு பார்த்தார். "உனக்கு வெயில் ஏதாவது மண்டையில ஏறிடுச்சா? போய்க் கொஞ்ச நேரம் படு."

இவருக்கா மறதி? போன மாதம் பக்கத்து வீட்டுக்காரன் கடன் வாங்கிப் போன இரண்டு வெங்காயத்தைக்கூட மறக்காத மனுஷர். அப்படியென்றால் தெரிந்தேதான் வண்டியைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறார். ஊரையே திட்டிய மனுஷர் ஏன் அதையே செய்ய வேண்டும்? தூரியாவுக்குப் பிடிபடவில்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நீ பார்த்த வேலை தப்பு என்று அவரிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனதும், தூரியா டீயை அப்படியே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மொட்டை மாடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

சந்தில் யாரும் இல்லை. ஹம்மாதி வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தார். புகை வரவில்லையே என்று குனிந்து சைலன்சரைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் சந்தைப் பார்த்தார். பின்பக்கக் கம்பியைப் பிடித்தார். சென்டர் ஸ்டாண்டில் வலது காலை வைத்து, மிதித்துத் தூக்கினார்.

வண்டி ஒரு விரற்கடை எழும்பி இறங்கியது. மறுபடி தூக்கினார். ஊன்றியிருந்த இடது கால் முழங்காலிலிருந்து கீழே நடுங்கி, மடங்கியது. வண்டி அவர் மேலேயே சாயப் பார்த்தது. கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று மறுபடி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். மேலே பார்க்கவில்லை. வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் குச்சியை உருவினார்.

மாடியில் தூரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிய ஆட்டைப் பிடித்துப் படியேற்ற அவர் மச்சானைக் கூப்பிட்டார்; "எனக்கு வயசாச்சு, அவன் சும்மாதானே இருக்கான்" என்று சிரித்தார். கேஸ் சிலிண்டரைக் கடைக்காரனையே மாடிக்குக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார். இரண்டு வாரத்துக்கு முன் அவருடைய தோல் செருப்பைப் பார்த்து அவளே திட்டியிருக்கிறாள்: "இடது கால் செருப்பு மட்டும் நுனியில இப்படித் தேயுதே, காலைத் தூக்கி வெச்சு நடக்க மாட்டியா?" அந்த இடது கால் தூக்கினால் எழும்பாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஊரிலுள்ள கால் கையெல்லாம் பிடித்துப் பார்த்து வியாதி சொல்கிறவள், ஒரே பாயில் படுக்கிற மனுஷரின் காலைப் பார்க்கவில்லை. தன்மேலேயே அவளுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. கால் இப்படிப் பலம் இழந்தால் நாளைத் தள்ளக் கூடாது, ஒரேயடியாகப் போய்விடும் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறாள்!

"தூரியா!" கீழேயிருந்து குரல் வந்தது. "ஒரு சொட்டு இல்ல! குச்சி காஞ்சு கிடக்கு! இது அவ்வளவுதான்!"

அவர் எண்ணெய் டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் வெறுங்காலோடு படிகளில் ஓடி இறங்கினாள். அவள் வாசலுக்கு வருவதற்குள் பாதி டின் உள்ளே போயிருந்தது.

"நிறுத்து."

"என்ன?"

அவள் காலைத் தூக்கி வண்டியின்மேல் உட்கார்ந்தாள். சைடு ஸ்டாண்டைக் குதிகாலால் தள்ளிவிட்டாள். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, வண்டியைத் தொடைகளுக்கு நடுவே அசையாமல் நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பப் பாரு," என்றாள்.

ஹம்மாதி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் கோபம் இருந்தது, பிறகு அது போய்விட்டது. அவள் வண்டியை எதற்கு நேராகப் பிடித்திருக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் அடியில் இறங்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் குனிந்து குச்சியை எடுத்தார், துடைத்தார், விட்டு எடுத்தார். பிடி வரைக்கும் எண்ணெய்.

"புதன்கிழமை நான் முஅல்லிம் பூஜமாகிட்ட போனேன்," என்றாள் தூரியா. "ஏழு சிரிஞ்ச் எடுத்தோம். வண்டிக்கு ஒண்ணும் இல்ல, ஹம்மாதி. இன்ஜின் நல்லாயிருக்கு."

"நான்தான் அதைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

"சாகல. நல்லா ஓடுது."

"சாய்ச்சு வெச்சா குறைச்சுக் காட்டும்னு எனக்குத் தெரியாதா?" அவர் குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தெரியும். கொஞ்சம்தான் வித்தியாசம் வரும்னு மனசுக்குள்ளயே கணக்கு போட்டுக்கிட்டேன். பெருநாளுக்கு முன்னாடியிலேர்ந்தே தூக்க முடியல, தூரியா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னிக்கு முடிஞ்சுடும்னு நெனச்சுத்தான் இறங்கி வருவேன். உன்னைக் கூப்பிட்டிருந்தா நீ வந்து புடிச்சிருப்பே. கூப்பிட வாய் வரல."

"என்கிட்டயா வாய் வரல?"

"உன்கிட்டதான் வரல. உன் முன்னாடி தூக்க முடியாதவனா நிக்க மனசு வரல."

தூரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை. "பையை எடுத்துட்டு வா. இல்ல, நில்லு, நானே எடுக்கறேன்," என்று இறங்கி, போய், செருப்பை மாட்டிக்கொண்டு, சிரிஞ்சும் குழாயும் இருந்த பையோடு வந்தாள். இந்த முறை அவள் வண்டியை நேராகப் பிடித்திருக்க, ஹம்மாதி வாசற்படியில் உட்கார்ந்து சிரிஞ்சால் இழுத்துப் பாட்டிலில் விட்டார். அவர் கை எப்போதும் நல்ல கை. எட்டாவது சிரிஞ்சுக்குப் பிறகு குச்சியைத் துடைத்து விட்டு எடுத்து அவளிடம் காட்டினார். நடுவில் நின்றது.

"அந்தச் சனிக்கிழமை ஆளுக்கு வர வேண்டாம்னு போன் பண்ணிடு," என்றாள். "இப்ப ஏறு."

"எங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. உன் முதுகை அறுத்த டாக்டர் வெள்ளிக்கிழமை காலையில இருப்பார். இந்தக் காலை அவர் இன்னிக்கே பார்க்கணும்."

"மத்தியானக் கூஸ்கூஸ் சாப்பாட்டுக்கு ராத்திரியே காய் நறுக்கி வெச்சிருக்கேன்."

"காய் எங்கயும் ஓடிப்போகாது."

"உன் பின்னாடியா?" ஹம்மாதி சந்தை ஒரு முறை பார்த்தார். "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் உன் பின்னாடி உட்கார்ந்திருக்கேனா? அந்தக் கறிக்காரன் வாய்க்கு ஒரு வருஷத்துக்குத் தீனி கிடைச்சுடும்."

"கிடைக்கட்டும். ஹாஜ்ஜா ஸுபைதாவுக்குப் போற வழியில ஊசி போட்டுடலாம், அவ பசியோட உட்கார்ந்திருப்பா. ஏறு, ஹம்மாதி."

அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வற்புறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து கட்டுத்துணி எடுத்து, இடது செருப்பு கழன்றுவிடாமல் பாதத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே பெருவிரலை மேலே தூக்கச் சொன்னாள். அவர் முயன்றார். விரல் அசையவில்லை. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு, அவள் வண்டியில் ஏறி அதை நேராகப் பிடித்துக்கொள்ள, அவர் எழுந்தார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கிச் சீட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு, அவள் பின்னால் உட்கார்ந்தார்.

சந்து முனையில் அல்லால் விசிறியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். "ஸி ஹம்மாதி! என்ன இது, மாப்பிள்ளை ஊர்வலமா? வண்டியைப் பொண்டாட்டிகிட்ட பறிகொடுத்துட்டீங்களா?"

"ஆமாண்டா, கொடுத்துட்டேன். உன்னைவிட நல்லா ஓட்டறா. அடுப்பைப் பாரு, கரியுது," என்றார் ஹம்மாதி.

ஹாஜ்ஜா வீட்டில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, பெரிய சாலையில் ஏறினார்கள். வண்டி புகையில்லாமல் ஓடியது. அவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"தூரியா."

"சொல்லு."

"திரும்பவும் கத்தி வைக்கணும்பாங்களா?"

"வைக்கலாம்."

"வெச்சும் கால் வரலைன்னா?"

இந்தக் கேள்வியைப் பதினோரு வீட்டிலும் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும், இன்ஷா அல்லாஹ் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். இவரிடம் அந்தப் பதில் வாயில் வரவில்லை.

"தெரியல, ஹம்மாதி."

கொஞ்ச தூரம் போன பிறகு கம்பியை விட்டுவிட்டு, நடுரோட்டில், பட்டப்பகலில், இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவர் நெற்றி அவள் முதுகில் அழுந்தியது.

"பயமா இருக்கு," என்றார்.

"எனக்கும்தான்," என்றாள் தூரியா. "கெட்டியா புடிச்சுக்கோ."